ஜாவா கைவரை பாத்திக்: மெழுகு, சாயம், கூலி பற்றிச் சில சந்தேகங்கள்

நூலிழை:

வணக்கம். இயற்கைச் சாயம் பழகும் பெண்கள் குழு ஒன்றுக்கு இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் மெழுகால் கோலம் வரைந்து சாயம் ஏற்றும் கைவரை பாத்திக் துணி பற்றி வகுப்பு எடுக்கப் போகிறேன். அறிமுகச் செய்திகள் எங்கும் கிடைக்கின்றன. 2009 அக்டோபர் 2 அன்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, பராங், காவுங் என்று கோலங்களின் பெயர்கள், அவ்வளவும் கைவசம் உண்டு. எனக்கு வேண்டியது பட்டறைத் தரையில் நடப்பது.

ஜாவாவின் யோக்யகர்த்தா நகரப் பாணித் துணியில் வெள்ளை, கருநீலம், பழுப்பு மூன்றும் எந்த வரிசையில் வருகின்றன? வெறும் பாரபின் மெழுகில் வரைந்தால் சாயத்தொட்டியில் வெடிப்பு விட்டுக் கோடெல்லாம் கசிகிறது. அவர்கள் மெழுகில் என்ன சேர்க்கிறார்கள், எதற்காக?

இன்னொன்று. வரைவது பெரும்பாலும் பெண்கள்தான், ஆனால் துணியின் விலையில் அவர்களுக்குச் சேர்வது சொற்பம் என்று படித்தேன். யோக்யகர்த்தா பக்கத்துக் கிரிலோயோ ஊரில் இது மாறியது என்கிறார்கள். எப்படி மாறியது? குழுவில் சிலர் அங்கிருந்து நேரே துணி வாங்கவும் நினைக்கிறார்கள். கைவரைதான் என்று எதை வைத்து உறுதி செய்வது?

மெழுகுக்கிண்ணி:

மெழுகுக்குப் போகும் முன் துணியைக் கவனியுங்கள். பாதிக் கோளாறு அங்கேதான் தொடங்கும். அவர்கள் எடுப்பது மோரி எனப்படும் வெள்ளைப் பருத்தித் துணி. பிரிமிசிமா உயர்ந்த தரம், அடுத்தது பிரிமா. நுண்ணிய வேலைக்குப் பிரிமிசிமாதான் தாங்கும், மட்டமான துணியில் இழை இடைவெளி வழியே மெழுகு பரவிவிடும். ஒரு முழு உடுதுணி சுமார் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் அகலமும் இருக்கும். (ஐரோப்பிய ஆலைத்துணி 19-ஆம் நூற்றாண்டில் வந்து குவியும்வரை ஜாவாவின் நுண்ணிய பாத்திக்குக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து போன வெள்ளைத் துணியும் பயன்பட்டது. வகுப்பில் இதைச் சொல்லலாம்.)

துணியை அலசி ஆலைக் கஞ்சியைப் போக்குவார்கள். பழைய முறையில் கடலை எண்ணெயும் வைக்கோல் சாம்பல் நீரும் கலந்து பல நாள் பிசைந்து பிசைந்து காயவைப்பது உண்டு. பழுப்பும் சிவப்பும் ஆழமாகப் பிடிக்க அது உதவும். பிறகு மெல்லிய கஞ்சி போட்டு, மடித்து, மரச்சுத்தியால் தட்டி மேற்பரப்பைச் சமன் செய்வார்கள். கஞ்சி அளவாக இருந்தால் மெழுகு கோட்டை விட்டு வெளியே ஊறாது. கூடிப்போனால் மெழுகு இழைக்குள் இறங்காமல் மேலாக நின்று, தொட்டியில் சீவல் சீவலாக உரியும்.

வரையும் கருவி சாந்திங். மூங்கில் அல்லது மரக் கைப்பிடி, மெழுகு அள்ளும் செப்புக் கிண்ணி, அதிலிருந்து வளைந்து இறங்கும் செப்பு மூக்கு. மூக்குத் துளையை வைத்துத்தான் வேலை பிரிகிறது. புள்ளிக்கு 1 மி.மீ-க்கும் குறைவு, உருவக் கோட்டுக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 மி.மீ, பெரிய பரப்பை மூட அதைவிடப் பெரியது. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, துணியை மரச்சட்டத்தில் தொங்கவிட்டு, இடக்கையை அடியில் ஏந்தி, சாந்திங்கைக் கிட்டத்தட்டக் கிடையாகப் பிடிப்பார்கள். கிண்ணியில் பாதிக்கு மேல் அள்ளுவதில்லை. நேர்கோட்டைக் கீழிருந்து மேலே இழுப்பார்கள். மேலிருந்து இழுத்தால் சூடான மெழுகு கோட்டுக்கு முன்னால் வழிந்து ஓடிவிடும். துணியைத் தொடுமுன் மூக்கில் ஒரு முறை ஊதுவார்கள். அடைப்பும் நீங்கும், நுனியில் தொங்கும் சொட்டும் உள்ளே போகும்.

இனி மெழுகு. தேன்மெழுகு நெகிழ்வு தரும், வெடிக்காது, கழற்றவும் எளிது. பாரபின் மலிவு, ஆனால் உடையும். ஊசியிலை மரத்துப் பிசினைக் காய்ச்சி எடுக்கும் குங்குலியம் (ரோசின்) ஒட்டுப்பிடிப்பைத் தரும். டமார் பிசின் கோட்டின் விளிம்பைக் கூராக நிறுத்தும். மாட்டுக் கொழுப்பு கலவையை இளக்கும். ஒவ்வொரு பட்டறையும் விகிதத்தைத் தன் வழியில் வைத்திருக்கும். ஆகவே ஒரே சூத்திரத்தைத் தேடாதீர்கள், எந்த வேலைக்கு எது கூட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உருவக் கோட்டு மெழுகு பின்னால் சுரண்டி எடுக்கப்படப் போகிறது. அது இளக்கமாக, ஒட்டுக் குறைவாக இருக்க வேண்டும். வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடத்தை மூடும் மெழுகு கடைசிச் சாயம்வரை தாங்க வேண்டும். அதில் பிசின் கூடுதல். உங்கள் வெடிப்புக்குக் காரணம் வெறும் பாரபின். கொஞ்சம் தேன்மெழுகும் குங்குலியமும் சேர்த்தாலே பெருமளவு அடங்கும். குங்குலியம் அளவு மீறினால் மறுபடி உடையத் தொடங்கும்.

சூட்டுக்கு வெப்பமானி தேவையில்லை. புகை எழுந்தால் மிகை; கோடு விரிந்து பரவும், பிசினும் கருகும். துணியின் மேல் வெளிறி, மேடாக உறைந்தால் சூடு போதவில்லை. சரியான மெழுகு துணியில் பட்ட உடனே பளபளப்பாக இறங்கும், பின்பக்கமும் கோடு தெரியும்.

வரிசை இது. பென்சிலில் கோலம், அதன்மேல் உருவக் கோடு, உள்ளே நிரப்பும் புள்ளி, இழைகள், துணியைத் திருப்பிப் பின்பக்கமும் அதே கோடுகள். பிறகு வெள்ளையாக நிற்க வேண்டிய பகுதிகளைத் தடித்த மெழுகால் இருபுறமும் மூடி, அவுரி நீலத்தில் தோய்ப்பு. நீலம் முடிந்ததும் துணியை நீரில் ஊறவைத்து, மடித்த தகரத் தகட்டால் உருவக் கோட்டு மெழுகைச் சுரண்டுவார்கள். இப்போது கோடு இருந்த இடம் வெள்ளையாகத் திறந்திருக்கும். நீலமாகவே நிற்க வேண்டிய இடங்களுக்கு மறுபடி மெழுகு பூசி, பழுப்பில் தோய்த்தால் திறந்த இடம் பழுப்பாகும். நீலமும் பழுப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் கருமையாகும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகு முழுவதையும் எடுப்பது. ஆக, முதலில் இட்ட கோடே முடிவில் பழுப்புக் கோடாக வருகிறது.

பின்பக்கம் மறுபடி வரைவதை எந்த வகுப்பிலும் தவிர்க்காதீர்கள். நேரத்தை மிச்சப்படுத்த முதலில் கைவிடப்படுவது அதுதான். விட்டால் சாயம் பின்புறமாக உள்ளே ஏறி வெள்ளையை மங்கலாக்கும்.

அவுரித்தொட்டி:

மேலே சொன்னதோடு சாயப் பகுதியைச் சேர்க்கிறேன். வெள்ளைக்கும் நீலத்துக்கும் பழுப்புக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: மெழுகு ஏறிய துணி சூடான நீரைப் பார்க்கக் கூடாது. ஆகவே கொதிக்கவைக்கும் வேலையெல்லாம் மெழுகுக்கு முன்னால் முடிய வேண்டும்.

இயற்கைச் சாயத்துக்குப் படிகாரம் ஏற்றுவதும் அப்படித்தான். பரவலாகப் புழங்கும் அளவு: 500 கிராம் துணிக்கு 5 லிட்டர் தண்ணீர், 100 கிராம் படிகாரம், 30 கிராம் சோடா உப்பு (சோடா ஆஷ், சமையல் சோடா அல்ல). ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, அதே நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, பிழியாமல் அலசிக் காயவைக்க வேண்டும். இதன் பிறகே கோலம் வரைவது.

நீலத்துக்கு அவுரிக் களி. சுண்ணாம்பும் பனைவெல்லமும் சேர்த்துத் தொட்டியை வைப்பார்கள். வெல்லம் நீலத்தைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருகிறது, சுண்ணாம்பு காரத்தைக் காக்கிறது. தொட்டி தயாரா என்பதை நிறம் சொல்லும். மேலே செம்புப் பளபளப்பும் நீல நுரையும், உள்ளே மஞ்சள் கலந்த பச்சை. உள்ளேயும் நீலமாகத் தெரிந்தால் நீலம் கரையவில்லை. துணியில் மேலாகப் படிந்து கழுவும்போது போய்விடும். தோய்த்து எடுத்த துணி காற்றில் பச்சையிலிருந்து நீலமாக மாறி முடிந்த பிறகே அடுத்த தோய்ப்பு. கருநீலம் ஒரே தோய்ப்பில் வராது, பல முறை வேண்டும். தொட்டியின் அடியில் படியும் சுண்ணாம்பைக் கலக்கிவிட்டுத் துணியைப் போட்டால் திட்டுத் திட்டாக வரும்.

பழுப்புக்கு மூன்று மரங்கள். ஜம்பல் பட்டை (நம் ஊரில் சாலையோரம் நிற்கும் இயல்வாகை மரம்தான்), அலையாத்திக் காட்டுத் திங்கிப் பட்டை, மஞ்சள் தரும் தெகெரான் கட்டை. 1 கிலோ பட்டைக்கு 10 லிட்டர் நீர் விட்டுப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, வடிகட்டி, முழுவதும் ஆறவிடுவார்கள். வெதுவெதுப்பாகத் தோய்த்தாலும் மெழுகு இளகிக் கோடு நகரும். ஒவ்வொரு தோய்ப்புக்கும் நடுவில் நிழலில் காயவைப்பது. வெயிலில் போட்டால் மெழுகும் இளகும், முதலில் காய்ந்த மடிப்பில் நிறம் கூடுதலாகவும் ஏறும். ஐந்தாறு தோய்ப்புக்குக் குறைந்து ஆழமான பழுப்பு வராது.

கடைசியில் நிறத்தை நிறுத்துவது. லிட்டருக்கு 50 கிராம் சுண்ணாம்பு கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்தால் பழுப்பு சற்றுச் சிவந்து நிற்கும். படிகாரத்தில் நிறம் வெளிராகவே நிற்கும். இரும்பு சல்பேட் கருமைக்கு இழுக்கும். கூடினால் நாளடைவில் இழையை அரித்துவிடும் என்பதால் அளவைக் குறைத்துப் பிடியுங்கள்.

யோக்யகர்த்தா, அதன் அண்டை நகரமான சோலோ இரண்டின் பாணிக்கும் உள்ள வேறுபாடும் இதில் உள்ளது. யோக்யகர்த்தாவில் வெள்ளை தும்பைப்பூவாக நிற்க வேண்டும். சோலோவில் வெள்ளை இடங்களிலும் பழுப்பின் சாயல் ஏறி, பாலேட்டு நிறமாக வருவதுதான் அழகு.

நூலிழை:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். சுண்ணாம்புத் தொட்டியில் பல முறை தோய்த்தும் மெழுகு நிற்கிறது. ஆனால் மெழுகை எடுக்கும்போது கொதிநீரில் சோடா உப்புப் போடுகிறார்கள். இரண்டும் காரம்தானே?

அவுரித்தொட்டி:

காரம்தான். வேறுபாடு சூட்டிலும் வலுவிலும் இருக்கிறது. குங்குலியம் காரத்தோடு சேர்ந்தால் சோப்பாக மாறும், சூடு கூடக் கூட அது வேகமாக நடக்கும். ஆறிய சுண்ணாம்புத் தொட்டியில் அது மெல்ல நடப்பதால் பிசின் கூடுதலாக உள்ள மெழுகும் தாங்குகிறது. தொட்டியைக் காரசோடாவில் வைத்தால், அல்லது துணியை நெடுநேரம் ஊறவிட்டால், விளிம்பிலிருந்து மெழுகு கழன்றுவரும். ஆகவே குறைந்த நேரம், பல முறை.

கொதிநீரில் சோடா சிறிதளவே போதும். துணியை மேலும் கீழும் தூக்கித் தூக்கி அலச வேண்டும், ஒரே இடத்தில் கிடந்தால் உருகிய மெழுகு மறுபடி ஒட்டும். பட்டுக்குச் சோடா கூடாது, இழை கெட்டுப்போகும். அதற்கு மரவள்ளி மாவுக் கஞ்சி நீர். மிதக்கும் மெழுகை அள்ளி வையுங்கள். ஜாவாவில் அதை எறிவதே இல்லை, பரப்பு மூடும் மெழுகில் மறுபடி சேர்ப்பார்கள்.

தாழ்வாரம்:

கூலி பற்றிய கேள்விக்கு யாரும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். மேலே இருவரும் பிரித்து எழுதியதே பதிலின் பாதி: மெழுகு ஒரு கையில், சாயம் இன்னொரு கையில்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில், மெழுகில் தோய்த்துத் துணியில் அழுத்தும் செப்பு அச்சு வந்தது. அச்சை அழுத்துவது ஆண்களின் வேலையாயிற்று. நகரத்துப் பட்டறைகளில் சாயத்தொட்டியும் கொதிகலனும் பெரும்பாலும் ஆண்களிடமே. சாந்திங் மட்டும் பெண்களிடம் நின்றது, அதுவும் வீட்டுத் தாழ்வாரத்தில், சமையலுக்கும் வயலுக்கும் நடுவில். முதலாளி துணியும் மெழுகும் தருவார். பெண் மெழுகிட்டு முடித்துத் திருப்பித் தருவாள். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த நிலையில் துணி அழுக்கு மஞ்சளாக, கோலமே சரியாகத் தெரியாமல் இருக்கும். சந்தையில் அதற்கு விலை கிடையாது. நிறம் ஏறி மெழுகு போன பிறகுதான் அது பாத்திக். மாதக்கணக்கான உழைப்பு முடிந்த இடத்தில் விலை பூஜ்யம், சில நாள் வேலை நடக்கும் இடத்தில் விலை முழுவதும். பெண்களின் கூலி ஏறாததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் காணவில்லை.

கிரிலோயோ, பந்துல் மாவட்டத்தில், இமோகிரி அரச கல்லறைக் குன்றை ஒட்டிய ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே பெண்கள் யோக்யகர்த்தா வணிகர்களுக்கு இப்படித்தான் மெழுகிட்டுக் கொடுத்தார்கள். அரண்மனைக் கோலங்கள், நுண்ணிய கை, ஆனால் பெயர் வெளியே தெரியாது. 2006 மே 27 நிலநடுக்கத்தில் பந்துல் பகுதி நொறுங்கியது. அதற்குப் பின் வந்த உதவிகளில் நிலைத்து நின்றது சாயப் பயிற்சிதான். பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, இயற்கைச் சாயமும் மெழுகு எடுப்பதும் கற்று, முடித்த துணியைத் தங்கள் கூடத்திலேயே விற்கத் தொடங்கினார்கள். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குச் சிறு துண்டில் மெழுகு வரையக் கற்றுத்தரும் வகுப்பும் ஒரு வருமானம்.

கிழக்கே துபான் மாவட்டத்துக் கெரெக்கையும் வகுப்பில் சேருங்கள். அங்கே பருத்தியை நூற்பது, கைத்தறியில் நெய்வது, மெழுகிடுவது என்று தொடக்கத்திலிருந்தே பெண்களின் கை. துணி தடிப்பு, கோடும் தடிப்பு. யோக்யகர்த்தாவின் நுணுக்கத்தை அதில் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் பருத்திக்காயிலிருந்து உடுதுணிவரை ஒரே ஊரில் முடிவது ஜாவாவில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

ஒரு துணி, ஒரு பெண் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். நல்ல துணி பல கைகள் மாறும். உருவக் கோட்டுக்கு ஒருவர், புள்ளிக்கு ஒருவர், பரப்பு மூட இன்னொருவர். புள்ளி வைப்பவருடைய கூலி பெரும்பாலும் கணக்கில் தெரியாமலே போகும். வாங்கும்போது யார் வரைந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். சாயம் எங்கே ஏறியது, விலையில் கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு பிரிகிறது என்றும் கேளுங்கள். நேரடியான குழு தயங்காமல் பதில் சொல்லும். முன்பணம் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். நவம்பர் முதல் மார்ச்வரை மழை, அப்போது துணி காய்வது தாமதமாகும். சாதாரண நுணுக்கத்துக்கே ஒன்றிரண்டு மாதம் ஆகும். பெகலோங்கான் அருகே கெடுங்வுனியில் 1925-இல் தொடங்கிய ஓயி சூ சியென் பட்டறையில் ஒரு துணிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

வெள்ளைமோரி:

கைவரையா இல்லையாங்கிற கேள்வி மட்டும் பாக்கி இருக்கு. துணியைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே கூர்மையா இருந்தா மெழுகு வேலைன்னு நம்பலாம். வெளிறி இருந்தா இயந்திர அச்சு. ஆனா மெல்லிசு ரேயான்ல அச்சு மையும் பின்பக்கம் இறங்கிடும், அதனால அது மட்டும் போதாது.

அடுத்து ஒரே பூவை நாலு இடத்துல ஒப்பிடுங்க. கைவரைன்னா இதழ் வளைவு, புள்ளி எண்ணிக்கை ஏதாவது மாறும். செப்பு அச்சுன்னா ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கு அப்படியே திரும்ப வரும், கட்டம் சேர்ற இடத்துல கோடு இரட்டையாகவோ விட்டோ இருக்கும். கஷ்டமானது கலப்புத் துணி: உருவம் அச்சு, உள்ளே புள்ளி மட்டும் கை. அதுல புள்ளி மாறுதான்னு பார்த்து ஏமாறக் கூடாது, வெளிக்கோட்டைப் பாருங்க. கலப்பு தப்பில்ல, கைவரை விலைக்கு வித்தாத்தான் தப்பு. இந்தோனேசிய அரசின் பாத்திக் அடையாளச் சீட்டுல கைவரைக்குத் தங்க நிற எழுத்து இருக்கும். சின்னக் குழுக்கள் பலர்கிட்ட அந்தச் சீட்டு இருக்காது, அதனால சீட்டு இல்லைன்னு ஒதுக்கிடாதீங்க.

வெடிப்புக் கோடு நிறைய இருந்தாத்தான் அசல்னு இங்க பலர் நினைக்கிறாங்க. யோக்யகர்த்தா பாணியில அது குறை. சுத்தமான தரை வேணும்னு ஆர்டர்லயே சொல்லிடுங்க.

வாங்கினதும் சோப்புத்தூள் பக்கம் கொண்டு போகாதீங்க. அங்க லெராக் காய்ல துவைப்பாங்க, நம்ம பூந்திக்கொட்டைக்குச் சொந்தம் அது. கொட்டையை எடுத்துட்டுத் தோலை ஊறவெச்சு, நுரை வந்த தண்ணியை வடிகட்டி, துணியை முறுக்காம அலசுங்க. நிழல்ல உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி காயப்போடுங்க. எலுமிச்சை, வினிகர் எதுவும் படக் கூடாது, இயற்கைப் பழுப்பு அந்த இடத்துல உடனே நிறம் மாறிடும்.